குழாயைத் திறக்காமல் பல் மினுக்கு

தம்பி,

நீ வேலைக்காகப் பொலோஞ்ஞாவுக்கு விமானம் ஏறி இன்றைக்கு இருபது நாள். இருபது நாளும் எனக்கு உன்மேல் கோபம். தெரிந்தவர்கள் எல்லாரும் தொலைபேசியில் கோல் எடுத்து, "பொடியன் இல்லாமல் வீடு வெறிச்சுப் போயிருக்கும், பாவம் நீங்கள்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வீடு வெறிச்சோடித்தான் கிடக்கிறது. ஆனால் உன் அறையைக் கூட்டப் போகும்போது அழுகை வருவதற்கு முன்னால் எரிச்சல் வருகிறது. அதை விமான நிலையத்தில் உன் அப்பாவுக்கு முன்னால் கொட்ட மனம் வரவில்லை. தொலைபேசியில் சொல்லப்போனால் நீ சிரித்து மழுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் நீ, "சரி அம்மா, விடுங்கோ" என்று சொல்லமுடியாது.

நீ போவதற்கு இரண்டு நாள் முன்னர் நாங்கள் மூவரும் பல் வைத்தியரிடம் போனோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். உன் தங்கை மதுரா காலையில் எள்ளுப் பாணை ஒரு கடி கடித்துவிட்டு மேசையில் வைத்தாள். கடித்த இடத்தில் சிவப்பு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் முன்பல்லைச் சுற்றியுள்ள சதை, முரசெல்லாம் வீங்கி, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. "எத்தினை நாளா இப்பிடி?" என்று கேட்டேன். "எப்பவும் இப்பிடித்தானே அம்மா" என்றாள் எட்டு வயதுப் பிள்ளை. உனக்கும் அதே எட்டு வயதில் அதே சிவப்பைப் பார்த்தவள் நான். நீ உடனே யாருக்கோ கோல் எடுத்து, நகர நடுவில் பொலிதேயாமா பக்கம் ஒரு பல் வைத்தியரிடம் நேரம் கேட்டு வாங்கினாய். அதற்கு நன்றி. கோபத்திலும் நன்றியை மறக்கமாட்டேன்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதுதான் அப்போது உனக்குத் தெரியாதது. அந்தப் பல் வைத்தியர், தொத்தொரெஸ்ஸா, ஒரு சின்னக் கண்ணாடியை மதுராவின் வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பவே இல்லை. உன்னைப் பார்த்துத்தான் பேசினாள். பல்லும் முரசும் சேரும் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்து கிடக்கிறது, அதனால்தான் முரசு வீங்கி இரத்தம் வருகிறது, இந்தப் பிள்ளை தனியாகத்தான் பல் மினுக்குகிறதா, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரிய ஆளின் கை வேண்டும் என்று தெரியாதா, வீட்டில் இவள் வாயைப் பார்க்க ஒருவரும் இல்லையா என்று கேட்டாள். இப்படியே விட்டால் முரசு கரையத் தொடங்கும், பிறகு நல்ல பல்லும் ஆடும் என்றாள். நீ தலையை ஆட்டினாய். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஒண்டும் இல்லையாம் அம்மா. ஒரு பேஸ்ட் எழுதித் தந்தவ. அதைப் போட்டு மினுக்கினால் காணுமாம்" என்றாய்.

வேறு எந்த வியாதியாக இருந்திருந்தாலும் நான் ஏமாந்துதான் போயிருப்பேன், தம்பி. என் இத்தாலியன் சமையலறையையும் குளியலறையையும் தாண்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் நாலு வருடமாகச் செய்கிற வேலை என்ன? நான் பராமரிக்கும் தொண்ணூறு வயதுக் கிழவியை, சிஞ்ஞோராவை, தூக்கி இருத்தி, காலையும் மாலையும் அவவின் வாயைச் சுத்தம் செய்கிறேன். அந்த வீட்டுக்கு வரும் தாதி முதல் மாதம் முழுக்கப் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தாள். முரசு, இரத்தம், வீக்கம், பஞ்சு மாதிரி மெல்லிய பிரஷ், ஓரத்தில் சாய்த்துப் பிடி, அமத்தாதே. இத்தாலியனில் எனக்கு ஒரு குறையும் இல்லாமல் விளங்குகிற விடயம் ஒன்று உண்டென்றால் அது வாய்தான். அந்த வாயைப் பற்றித்தான் நீ எனக்குப் பொய் சொன்னாய்.

நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பழக்கதோஷம், மதுராவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நாங்கள் இருக்கும் ஒரேத்தோவுக்குப் பஸ்ஸில் வரும்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்துத் தந்த பிறகுதான் கேட்டேன். "எனக்கு விளங்கேல்லை எண்டு உனக்கு ஆர் சொன்னது?" உன் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. பிறகு சிரித்தாய். கடைவாய் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கும் அந்தச் சிரிப்பு. "உங்களுக்கேன் அம்மா அதெல்லாம்? காலமை ஆறு மணிக்கு வேலைக்குப் போறீங்கள். கேட்டால் இருந்து அழுவீங்கள். நான் மதுராவுக்குச் சொல்லிக் குடுப்பன்தானே" என்றாய். இரண்டு நாளில் பொலோஞ்ஞா போகிறவன் சொல்லிக்கொடுக்கப் போகிறானாம்!

எனக்கு அப்போதுதான் பழைய நாள் ஞாபகம் வந்தது. "அப்ப அண்டைக்கு? உனக்கு எட்டு வயசிலை நாங்கள் போனமே, அண்டைக்கும் இப்பிடித்தானோ?" என்று கேட்டேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "ஓம் அம்மா. அந்தப் பல் டொக்டர் உங்களை ஏசினவ. 'உன்ரை அம்மாவுக்குக் கை இல்லையோ, உன்ரை வாயை ஏன் ஒருத்தரும் பாக்கேல்லை' எண்டு கேட்டவ. அதை நான் எப்பிடி உங்களுக்குச் சொல்லுறது?"

பதினைந்து வருடம், தம்பி. பதினைந்து வருடமாக அந்த வசனத்தை நீ உன் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாய்.

எனக்கு அந்த நாள் அச்சொட்டாக ஞாபகம் இருக்கிறது. அப்போது போர்கோ வெக்கியோவில் இருந்தோம், சந்தைக்கு மேலே, மீன் மணம் வீட்டுக்குள் வரும் அந்த அறைகளில். நான் நாலு வீடு கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த காலம். பல் வைத்தியர் ஒரு வயதான பெண். அவள் உன்னோடு உரத்துப் பேசினாள். கை நீட்டிப் பேசினாள். இத்தாலியர் எல்லாரும் கையால்தான் பேசுகிறார்கள், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் சிரித்தபடி நின்றேன். நினைக்கும்போது உடம்பு கூசுகிறது. என்னைத் திட்டுகிறாள், நான் அவளுக்குச் சிரிப்புக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், நடுவில் எட்டு வயதுப் பிள்ளை நின்று இரண்டு பக்கத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. "என்னவாமடா?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்லையாம். பெரிய பல்லு வரேக்கை எல்லாம் சரியா வருமாம்" என்றாய். எனக்கு வந்த சந்தோசத்தில், கீழே இறங்கி உனக்குப் பிரியோஷ் பணிசைப் பிளந்து நடுவில் ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வைத்து வாங்கித் தந்தேன். நீ அதைச் சாப்பிட்டாய். அந்தப் பிஸ்தா ஜெலாத்தோவோடு உன் பெரிய இரகசியத்தையும் விழுங்கிவிட்டாய்.

இதற்கு உன்னை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். எட்டு வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? நாங்கள்தான். எங்கள் ஆட்கள் எல்லாருமே இதைத்தான் செய்கிறோம், செய்துவிட்டு அதில் பெருமை வேறு. "என்ரை மகள் கெஸ்தூரா பொலிஸ் கந்தோரிலை எல்லாம் தான் கதைச்சு முடிச்சவள்" என்று கலியாண வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம். வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் பிள்ளை, மின்சாரக் கடிதம் வாசிக்கப் பிள்ளை, அப்பாவின் முதுகு நோவை டொக்டருக்குச் சொல்லப் பிள்ளை. பால்பல் விழாத வாயில் எங்கள் பாரத்தை எல்லாம் ஏற்றிவைத்துவிட்டு, அந்த வாய்க்குள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. அந்த வைத்தியர்மார் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தாய் மரம் மாதிரி நிற்கிறாள், அவளை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்து, உன் அம்மாவுக்குக் கை இல்லையா என்று கேட்பது என்ன படிப்பு?

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். உனக்கு முதன்முதல் இரத்தம் வந்தபோது உன் அப்பா, "பிள்ளைக்குச் சூடு. வெந்தயம் ஊறவைச்சுக் குடு" என்றார். மேல் வீட்டு அக்கா உப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னா. சந்தையில் பழம் விற்கிறவன் தோடம்பழம் கொடு என்று ஒரு பையை நீட்டினான். "பால் பல்லுத்தானே, விழப்போறதுதானே" என்று சொல்லாத ஆளே இல்லை. ஆளுக்கொரு வைத்தியம், நான் எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் செய்யவே கூடாத ஒன்றையும் செய்தேன். பிரஷ் பட்டால் இரத்தம் வருகிறது, அப்படியானால் பிரஷ்தான் புண்ணாக்குகிறது என்று நினைத்தேன். "நோகிற இடத்தை விட்டிட்டு மினுக்கு" என்று சொன்னேன். பிறகு பிரஷையே ஒளித்துவைத்துவிட்டு விரலால் தேய்க்கச் சொன்னேன். அப்பிள் கடித்தால் இரத்தம் வருகிறதென்று அப்பிளை நிறுத்தி, பாணைச் சீனிப் பாலில் தோய்த்துத் தீத்தினேன். இரத்தம் காணாமல் போனதும் எனக்குப் பெரிய வெற்றி. அழுக்கு அங்கேயே இருந்தது, அதைத் தொடாததால் இரத்தமும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பிக்கொண்டே உன் முரசைக் கெடுத்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். மதுராவுக்கு என்ன சாக்குச் சொல்வேன்? அவளுக்கு நாலு வயதாக இருந்தபோதே நான் சிஞ்ஞோராவின் வாயைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டேன். தினமும் இரண்டு நேரம், ஒரு பல்லும் தப்பாமல், மெதுவாக, நோகாமல். அவவின் முரசு இப்போது ரோசாப்பூ நிறத்தில் இருக்கிறது. அவவின் மகள் வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்வாள். அதே நேரத்தில் ஒரேத்தோவில் என் மகள் நாற்காலியில் ஏறி நின்று தன்பாட்டில் பிரஷை வாயில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். கற்ற வேலை கைக்குள்ளேயே இருக்க, அது வேலை வீட்டுக்குரியது என்று நினைத்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது என்னையே ஒரு அறை அறையவேண்டும் போல் இருக்கிறது.

நீ போன அடுத்த கிழமை நான் சிஞ்ஞோராவின் மகளிடம் அரைநாள் லீவு கேட்டு, மதுராவைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். உன் அப்பா, "விளங்காமல் முழிப்பாய், அவன் நத்தார் லீவுக்கு வரட்டும்" என்றார். பிள்ளையின் வாய் நத்தார் வரைக்கும் பொறுத்திருக்குமா? உள்ளே போனதும் அந்தத் தொத்தொரெஸ்ஸா மதுராவிடம், அம்மாவுக்குச் சொல்லு என்று தொடங்கினாள். மதுரா உன்னைப் போலவே நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மொழிபெயர்க்க ஆயத்தமானாள். அந்தச் சின்ன முகத்தில் உன் எட்டு வயது முகத்தைக் கண்டேன். என் கையை அவள் தோளில் வைத்தேன். "தொத்தொரெஸ்ஸா, பார்லி கோன் மே" என்றேன். என்னோடு பேசுங்கள். நாலே சொல், இந்த நாட்டுக்கு வந்து அதைச் சொல்ல இருபத்தைந்து வருடம் எடுத்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். முகமூடியை இறக்கிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் சொன்னாள். அப்படி ஒன்றும் பொல்லாத பெண் இல்லை, கேட்பதற்கு ஆள் இருந்தால் சொல்லத் தெரிந்தவள். நான் தொண்ணூறு வயது வாயைச் சுத்தம் செய்கிறவள், எட்டு வயது வாய்க்கு எப்படி என்று காட்டுங்கள் என்றேன். முதலில் இறுகிப்போயிருந்த அழுக்கைத் தானே சுரண்டி எடுத்தாள். பிறகு மெல்லிய பிரஷ் ஒன்றை என் கையில் தந்து, தன் கண்முன்னால் செய்துகாட்டச் சொன்னாள். பிள்ளைக்குப் பின்னால் நின்று, தலையை என் நெஞ்சில் சாய்த்து, முரசு ஓரத்தில் சரித்துப் பிடித்துச் சின்ன வட்டமாக. உடனே இரத்தம் வந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். "நிறுத்தாதே" என்றாள். இரத்தம் வருகிற இடத்தைத்தான் நன்றாகச் சுத்தம் செய்யவேண்டுமாம். இரண்டு, மூன்று கிழமை ஒழுங்காகச் செய்தும் நிற்காவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்து வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்போம் என்றாள். நோகிற இடத்தை விட்டிட்டு மினுக்கு என்று நான் உனக்குச் சொன்னதற்கு நேர்மாறு. அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று அழுதுவிட்டேன். நீ பயந்த அழுகைதான். அழுதேன், கண்ணைத் துடைத்தேன், திரும்பவும் பிரஷைப் பிடித்தேன். அழுகையால் ஒருவரும் செத்துப்போகவில்லை, தம்பி.

இப்போது வேலைக்குப் போகுமுன் ஐந்தரைக்கே அவளை எழுப்புகிறேன். முணுமுணுத்துக்கொண்டு வருவாள், கண்ணை மூடிக்கொண்டே வாயைத் திறப்பாள். பின்னேரமும் நான்தான். முதல் நாலு நாள் நுரை சிவப்பாக இருந்தது. பிறகு வெளிறிய ரோசா நிறம். முந்தாநாள் துப்பியபோது வெள்ளை. நேற்றும் வெள்ளை. இன்றைக்குக் காலையில் அப்பிளைக் கடித்துவிட்டு அவளே கடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, வெள்ளை!" என்று கத்தினாள். உன் அப்பா வெந்தயத்தைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை.

பொலோஞ்ஞாவில் உனக்குக் கிடைத்திருப்பது ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை. எட்டு வயதிலிருந்து சும்மா செய்ததை இனி வேலையாகச் செய்யப்போகிறாய். நல்லது. ஆனால் கேட்டுக்கொள். ஒரு தாய் உன் முன்னால் வந்து நிற்பாள். டொக்டர் சொல்வது அவளுக்கு நோகும் என்று உனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஒண்டும் இல்லையாம் அக்கா" என்று சொல்லிவிடாதே. அந்த இரக்கம் அவளை அவமானத்திலிருந்து காப்பாற்றும், அவள் பிள்ளையைக் காப்பாற்றாது. அவமானத்தைத் தாங்க எங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் மாடிப்படி துடைத்தே பழகியவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாமல் எங்கள் பிள்ளை கெடுவதைத்தான் தாங்கமுடியாது.

கடைசியாக உன் வாய். நான் காணவில்லை என்று நினைக்கிறாயா? நீ போவதற்கு முதல்நாள் முறுக்கை ஒரு பக்கத்தால் மட்டும் கடித்தாய். கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது, நாக்கால் அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். பல் மினுக்கும்போது குழாயை முழுக்கத் திறந்துவிடுவாய். தண்ணீரை வீணாக்குகிறான் என்று எத்தனை வருடம் ஏசியிருக்கிறேன்! துப்புவதை நான் காணாமல் தண்ணீர் அடித்துக்கொண்டு போகத்தான் என்று இப்போது விளங்குகிறது. அந்தத் தொத்தொரெஸ்ஸாவிடம் நத்தார் விடுமுறைக்கு உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். யார் என்று கேட்டாள், மகன் என்றேன். வயது இருபத்திமூன்று என்றதும், தனியாகவே வரலாமே என்று சிரித்தாள். இல்லை, நானும் வருவேன் என்றேன். உன் வாயை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்று அந்த வயதான வைத்தியர் பதினைந்து வருடத்துக்கு முன் கேட்டதற்கு, உன் பக்கத்தில் நின்று நான் பதில் சொல்லவேண்டும்.

அதுவரைக்கும் ஒரே ஒரு காரியம் செய். நாளைக் காலையில் குழாயைத் திறக்காமல் பல் மினுக்கு. நோகிற இடத்தையும் சேர்த்து. துப்பிவிட்டு, அந்த வெள்ளைத் தொட்டியில் என்ன விழுந்திருக்கிறது என்று குனிந்து பார். பார்த்துவிட்டு எனக்குக் கோல் எடு. என்ன கண்டாயோ அதைச் சொல். ஆறு மணிக்குப் பஸ்ஸில் இருப்பேன், நீ எடுத்தால் பேசுவேன். ஒண்டும் இல்லை அம்மா என்று மட்டும் இனி எனக்குச் சொல்லாதே.

அம்மா